சிவப்பு அம்பு

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி,
மூணாவது தடவை போனபோதுதான்
டாக்டர் அந்தப் பேரைச் சொன்னார்.
எனக்கு முதலில் ஞாபகம் வந்தது
எங்கள் லைன் வீட்டில் கடைசிக் கதவு, குழந்தைவேலு அண்ணன்.
யாரோடும் பேசமாட்டார்.
மாரியம்மன் நோம்பிக்கு மாவு கொடுத்தால்
பாத்திரத்தைக் கழுவி நம் வாசலில் கவிழ்த்துவிட்டுப் போவார்.
"அது ஒரு ஆன்டி சோஷியல்" என்பான்
மாடிவீட்டு ஐடி பையன்.

என்ற தம்பி அப்படியில்லைங்க டாக்டர்,
சோமனூர் சந்தையில் விட்டால்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போவதற்குள்
நாலு பேர் மாப்ளே என்பார்கள்,
ரெண்டு பேர் டீ வாங்கித் தருவார்கள்,
ஒருத்தர் பைக் சாவியே தருவார்
என்று சொல்லிக்கொண்டே வந்தவள்
பைக் சாவியில் நின்றுவிட்டேன்.
அந்த பைக் திரும்பி வரவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார்.
"கூச்சம் வேற, இது வேறம்மா.
ஒதுங்கி இருக்கறவங்களுக்கு இந்தப் பேர் இல்லை.
அடுத்தவங்களுக்கு வலிக்கும்ங்கறது
கணக்குலயே வராத ஆளுக்கு."

பேப்பரில் சமூக விரோதிகள் என்று போடுவார்கள்,
பஸ் கண்ணாடி உடைந்த மறுநாள்.
சினிமாவில் காட்டுவார்கள்
பாட்டுக் கேட்டபடி கத்தி துடைக்கிறவனை.
பூபதி கோழி அறுக்கும்போதுகூட அந்தப்பக்கம் திரும்பிக்கொள்வான்.
அவன் அறுத்தது
பத்துத் தறி ஓடிய குடோனை,
என் கையெழுத்தைத் தானே போட்டு.
எழிலரசியில் அந்த 'ழி'க்குச் சுழி எனக்கு எப்போதும் கோணும்.
அந்தக் கோணலையும் விடாமல் போட்டிருந்தான்.
அவ்வளவு உன்னிப்பாய் என்னைப் பார்த்தவர்
வேறு யாரும் இல்லை.

பதினஞ்சு வயசுக்கு முந்தி எப்படி என்று கேட்டார்.
சோளத்தட்டுப் போர் எரிந்ததைச் சொன்னேன்.
அதற்கு அடுத்த காட்டுப் பையன் அடிவாங்கியபோது
இவன் வரப்பில் உட்கார்ந்து கரும்பு கடித்ததைச் சொன்னேன்.
அப்பாவின் பெல்ட்டைச் சொன்னேன்.
அது தொங்கிய ஆணியைச் சொன்னேன்.
"அதனாலயா டாக்டர்?"
"அதனால மட்டும்னு சொல்ல முடியாது.
அந்த பெல்ட் உங்க மேலயும் விழுந்திருக்குமே."
நான் சேலைத் தலைப்பை
இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

திருப்பூரில் எனக்கு செக்கிங் வேலை.
டியூப் லைட்டுக்கு அடியில் டீசர்ட்டை விரித்து
ஓட்டை விழுந்த இடத்தில், ஊசி தப்பின இடத்தில்
ஒட்ட வேண்டும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
அம்பு இடத்தைத்தான் காட்டும்.
சட்டைக்கே ஓட்டை என்று பேர் வைக்காது.
அதற்காக ஓட்டை இல்லை என்றும் சொல்லாது,
பையர் விடமாட்டான்.

நான் வந்து சொன்ன நாளிலிருந்து
ஒறம்பரை பூராவும் ஆளுக்கொரு ஸ்டிக்கர் ரோல்.
சின்னம்மா தன் சம்பந்திக்கு ஒட்டினார்.
வட்டிக்காரருக்கு ஒன்று.
கல்யாணப் பந்தியில் மோர் ஊற்றாமல் தாண்டிப் போனவனுக்கு ஒன்று.
அத்தை மட்டும் கெரகம் என்றாள்,
பழனியில் முடியிறக்கினால் சரியாகும் என்றாள்.
இறக்கினோம்.
மலையிலிருந்து இறங்கியபோது
உண்டியலுக்கு முடிந்து வைத்த ஐநூறைக் காணோம்.

இதுக்கென்று மாத்திரை இல்லையாம்.
குடிக்கு உண்டு, கோபத்துக்குக் கொஞ்சம் உண்டு.
பேசிப் பேசித்தான் பார்க்க வேண்டுமாம், அவனும் வர வேண்டுமாம்.
நாற்பது தாண்டினால் சிலருக்குத் தணியும்.
சிலருக்கு என்பதை
டாக்டர் ரெண்டு தடவை சொன்னார்.
பூபதிக்கு முப்பத்தி மூணு.
பஸ்ஸில் ஏழு விரலை மடக்கினேன்,
பக்கத்து சீட்டுப் பெண் பார்த்ததும் பிரித்துவிட்டேன்.

நேற்று பொழுதோட வந்தான்.
"இளைச்சுப் போய்ட்டியேக்கா" என்றான்.
நிசமாகவே பட்டதா,
பணம் கேட்பதற்கு முந்திய முன்னுரையா,
தெரியவில்லை. அவனுக்காவது தெரியுமோ என்னமோ.
சந்தகை பிழிந்தேன். தேங்காய்ப்பால் ஊற்றினேன்.
பீரோ சாவி ஜாக்கெட்டுக்குள்
குத்திக்கொண்டே இருந்தது.
மூணு தட்டு சாப்பிட்டான்.

கிளம்பும்போது செருப்பை மாட்டியபடி
கடைசிக் கதவைப் பார்த்தான்.
"அந்த ஆளு ஒரு மாதிரிக்கா,
மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கறான்.
பாத்து இருந்துக்க."